ஒரே அண்ணன், இரண்டு விண்ணப்பங்கள்

அன்புள்ள கெல்சி,

நானும் அப்பாவும் இங்கே வேளைக்குச் சாப்பிடுகிறோம், படுக்கிறோம், எழுந்திருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதப் பேனா நகர மாட்டேன் என்கிறது. நீயாவது அந்த ஆரெகன் மழையில் நனையாமல், காப்பியைக் குடித்தே பொழுதை ஓட்டாமல், உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. சரி, சட்டம் படிக்கிற பெண், கடிதமென்றால் பிரித்துப் பார்க்காமல் இருக்க மாட்டாள் என்று உட்கார்ந்துவிட்டேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது பார். கிழிக்க வேண்டுமானால் கிழித்துக்கொள், முழுக்கப் படித்த பிறகு கிழி.

இந்த வருடம் பனி அதிகம், ஆற்றோரத்து ரோடு பாதி நாள் மூடித்தான் கிடக்கிறது. வீட்டைச் சூடாக்கும் அடுப்பு மறுபடி மக்கர் பண்ணியது, அப்பாவே எதையோ முறுக்கி ஓட வைத்திருக்கிறார், இந்த இடுப்போடு குனியாதீர்கள் என்றால் கேட்கிற ஆளா அவர். ஜெயிலிலிருந்து உன் அண்ணன் கர்ட்டிஸ் வருவான் என்று அவன் அறைக்குப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்திருந்தார், உனக்குப் படம்கூட அனுப்பினேனே, அந்த இளநீல நிறம். நீதிபதி முடியாது என்று சொன்ன அன்று நான் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது ஒரு கோட் முடிந்திருந்தது. கேட்டுக்கொண்டார். திரும்பிப் போய் இரண்டாவது கோட்டையும் அடித்து முடித்தார். இப்போது அறை பளபளவென்று இருக்கிறது, கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம். உன் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார், திட்டித் தீர்த்தாலாவது தேவலை என்றிருக்கிறது எனக்கு.

நடந்ததில் உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஆட்ரி மேடம் உன் விண்ணப்பத்துக்கு இரண்டு வரியில் பதில் போட்டதாகச் சொன்னார், அந்த இரண்டு வரியில் என்ன இருந்திருக்கும், வருந்துகிறோம் என்று இருந்திருக்கும். அதனால் நான் முதலிலிருந்து சொல்கிறேன், என் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற எங்கள் ஹோட்டலில் வெள்ளிக்கிழமை மதியம் வறுத்த மீன் போடுவோம். அன்றைக்கு ஜன்னலோர மேஜையில் யார் உட்காருவார்கள் என்று உனக்கு நினைவில்லையா? பள்ளிக்கூடம் விட்டு வந்து நீயேதான் எத்தனையோ தடவை அந்த மேஜையைத் துடைத்திருக்கிறாய். ஒரு பக்கம் அரசு வக்கீல் கிரேடி சார், எதிர்ப் பக்கம், வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்காக வாதாடுகிற அலுவலகத்தின் தலைவி ஆட்ரி போல்க் மேடம். காலையில் கோர்ட்டில் ஒருவர் குரல்வளையை ஒருவர் பிடிப்பார்கள், மதியம் ஒரே தட்டில் உருளைக்கிழங்கு வறுவலை எடுத்துத் தின்பார்கள். பெரிய ஊர்களில் இந்த இரண்டு தரப்பும் எதிர்ப்பட்டால் முகம் திருப்பிக்கொள்ளுமாம், ஒரு பக்கம் வேலை கேட்டவரை மறுபக்கம் வாசலிலேயே நிறுத்திவிடுமாம், ஆட்ரி மேடம்தான் பிறகு சொன்னார். அங்கே போய் நாலு எழுத்துப் படித்ததும் நம் ஊரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாயா கெல்சி. ஒருத்தருக்குத் தெரியாமல் இன்னொருத்தருக்கு எழுத நம் ஊரில் இடமே இல்லையே.

அந்த வெள்ளிக்கிழமை நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆட்ரி மேடம் என் கையைத் தொட்டு, "லொரெய்ன், உன் பொண்ணு எங்க ஆபீசுக்கு லெட்டர் போட்டிருக்காம்மா. படிச்சிட்டு நான் அழுதுட்டேன், என்னமா எழுதறா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கிரேடி சார் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எந்தப் பொண்ணு, கெல்சியா?" என்றார். அதற்குப் பிறகு அவர் மீனைத் தொடவே இல்லை. நான் போய் மற்ற மேஜைகளைப் பார்த்துவிட்டு வந்தேன், அதற்குள் ஆட்ரி மேடம் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. "உங்களுக்குமா போட்டிருக்கா?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. கிரேடி சார், "இத உங்ககிட்ட காட்டித்தான் ஆகணும் ஆட்ரி, படிச்சப்பறம் படிக்காத மாதிரி என்னால இருக்க முடியாது. நேத்திலேர்ந்து எப்படிச் சொல்றதுன்னுதான் முழிச்சிட்டிருக்கேன்" என்றார். என் மகள் இரண்டு இடத்தில் வேலை கேட்டிருக்கிறாள், அதுதான் இவர்களுக்குள் உரசல் என்று நான் நினைத்துக்கொண்டேன். கெட்டிக்காரி, ஒன்று போனால் ஒன்று கிடைக்கும் என்று மனசுக்குள் உன்னை மெச்சிக்கொண்டு அவர்கள் மேஜைக்கு ஆளுக்கொரு ஆப்பிள் பை துண்டு என் கணக்கில் வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சுடுகிறது.

சாயங்காலம் ஆட்ரி மேடம் வீட்டுக்கே வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படி மேஜையில் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவர் அலுவலகத்துக்கு நீ எழுதியதை முதலில் படித்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் என் அண்ணன், சின்னப் பையன், கையெழுத்துப் போடச் சொன்ன தாளில் என்ன இருக்கிறது என்று அவனுக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை, ஆட்ரி போல்க் வந்து உட்காரும்வரை அவன் தனியாக இருந்தான், அன்றைக்குத்தான் நான் இந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்தேன் என்று எழுதியிருந்தாய். நன்றாக இருந்தது கண்ணு. முதல் தடவை நீ எனக்குப் போனில் படித்துக் காட்டினாயே, மதிப்புக்குரிய ஐயா, தங்கள் நிறுவனத்தில் பணியாற்ற என் ஆர்வத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன் என்று, பல்வலிக்கு லீவு கேட்கிற மாதிரி இருக்கிறது என்று நான்கூட கிண்டல் பண்ணினேனே, அந்தக் கடிதத்துக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். உங்கள் கல்லூரியில் வேலைக்கு வழிகாட்டுகிற அந்த அம்மாள், நீ மட்டும் சொல்லக்கூடிய ஒரு விஷயத்தை முதல் பத்தியிலேயே வை, ஆள் பெயரைப் போட்டு எழுது, ஒரு பக்கத்தைத் தாண்டாதே, சொந்த ஊர் என்றால் ஊரைச் சொல் என்றெல்லாம் கற்றுக்கொடுத்ததாகச் சொன்னாய் அல்லவா, எல்லாம் அதில் இருந்தது.

அப்புறம் கிரேடி சாருக்கு எழுதியதைப் படித்தேன். அதிலும் எல்லாம் இருந்தது. அதே அண்ணன்தான். கர்ட்டிஸ் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, ரோட்டோரம் நடந்து போன வென்டல் ஹூபரை இடித்துக் கொன்றான், மானை இடித்துவிட்டேன் என்று நினைத்து நிற்காமல் வந்துவிட்டேன் என்று கோர்ட்டில் சொன்னான், இதுதான் ஊர் அறிந்தது, இதுதான் நான் அறிந்தது. இந்த ரோட்டில் மானை இடிக்காதவர் யார் இருக்கிறார்கள். வென்டலின் மனைவி ஹூபர் அம்மாவே அதை நம்பினார், முன்கூட்டி விடுதலைக்கு ஆட்ரி மேடம் மனுப் போட்டபோது தனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டார், கிரேடி சாரும் எதிர்க்கப் போவதில்லை என்றிருந்தார், அதனால்தான் அப்பா பெயிண்ட் டப்பாவே வாங்கினார். நீ எழுதியிருக்கிறாய், என் அண்ணன் வண்டியை நிறுத்தினான், இறங்கினான், அது மான் இல்லை என்று பார்த்தான், அந்த மனிதர் கையை அசைத்தார், என் அண்ணன் திரும்பி வந்து வண்டியில் ஏறினான், இதை அவனே என்னிடம் சொன்னான், அன்றைக்குத்தான் நான் அரசு வக்கீல் ஆவது என்று முடிவு செய்தேன். ஒரு மனுஷி எத்தனை நாளில்தான் முடிவு செய்வாள், எதற்கெல்லாம்தான் முடிவு செய்வாள் கெல்சி. மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்ரி மேடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், என் வீட்டில் எந்த அலமாரியில் டம்ளர் இருக்கிறது என்று அவர் தேடிக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. "இது உனக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "கெல்சி எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம், நான் அவனுக்கு வக்கீல், எங்கிட்ட சொன்னா வெளிய போகாது. வேலை கேட்டு எழுதின லெட்டர்ல போட்டா அத யாரும் மூடி வைக்க முடியாதும்மா" என்றார்.

நீ பொய் எழுதிவிட்டாய் என்று நான் சொல்லவில்லை. உண்மையை எழுதினாய். ஹூபர் அம்மாவுக்கு அந்த உண்மை சேர வேண்டியதுதான் என்று ராத்திரி படுக்கும்போது தோன்றுகிறது, காலையில் அந்த நீல அறையைத் தாண்டும்போது தோன்ற மாட்டேன் என்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அவன் உன்னை நம்பிச் சொன்னான், அம்மாவிடம் சொல்ல முடியாததைத் தங்கையிடம் சொன்னான். மனசு பொறுக்காமல் அதை நீ கிரேடி சாரிடம் நேரே போய்ச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், ஆனால் நீ செய்தது சரி என்று என்றைக்காவது ஒத்துக்கொண்டிருப்பேன். நீ அதை உன் மதிப்பெண்ணுக்கும் கோடை விடுமுறையில் வேலை பார்த்த இடத்துக்கும் நடுவில், இரண்டாவது பத்தியில் வைத்தாய். வேலைக்காக வைத்தாய். ஒரே அண்ணனை இரண்டு கடையில் இரண்டு விலைக்கு வைத்தாய். எழுதிவிட்டேன், அந்த வரியை அடிக்க மனசு வரவில்லை, இருக்கட்டும்.

கிரேடி சாரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. மறு வாரம் ஹோட்டலில் கூட்டம் ஓய்ந்த பிறகு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "லொரெய்ன், இத்தன வருஷத்துல இப்படி ஒரு லெட்டர் எனக்கு வந்ததில்ல. வேற எந்த ஊர்ப் பொண்ணு எழுதியிருந்தாலும் அன்னிக்கே கூப்பிட்டு வேலை குடுத்திருப்பேன்" என்றார். இதைக் கேட்டு நான் சிரிப்பதா அழுவதா. நீ வேலை கேட்ட அந்தக் கடிதத்தையே மனுவுக்கு எதிராக நீதிபதி முன்னால் வைக்கப் போவதாகவும், ஹூபர் அம்மாவிடம் முதலில் தானே போய்ச் சொல்லப் போவதாகவும் சொன்னார். சொன்னபடியே போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஹூபர் அம்மா எப்போதும் உட்காருகிற, எங்களுக்கு முன்னால் இருக்கிற வரிசையில் உட்காரவில்லை, பின்னால் கதவுப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். பாட்டு முடியும்வரை என் முதுகு எரிந்தது. விசாரணை அன்று, பேச விரும்புகிறீர்களா என்று நீதிபதி அவரிடம் கேட்டார். எழுந்து நின்று, "உடனே உயிர் போயிடுச்சு, வலிச்சிருக்காதுன்னு எனக்குச் சொன்னாங்க. அத நெனச்சுதான் நான் தூங்கிட்டிருந்தேன். கைய அசச்சாராமே" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் ஆட்ரி மேடம் எதைச் சொல்லி என்ன, நீதிபதி ஒரு நிமிஷம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மனுவைத் தள்ளுபடி செய்தார். இனி தண்டனை முடியும்வரை உள்ளேதான்.

ஆட்ரி மேடம் உன்னை எடுக்க மாட்டார், அது உனக்கே தெரியும். அவர் கோபமாகச் சொல்லவில்லை, "எங்க மேஜைக்கு எதிர்ப் பக்கம் உக்கார்றவங்க அழுதுகிட்டே சொல்றத அவ யார்கிட்டயும் சொல்ல மாட்டான்னு எனக்கு நிச்சயமா தெரியணும்மா" என்று மட்டும் சொன்னார். இப்போது நீ படிப்பையே விடப்போகிறேன், இனி யாருக்கும் ஒரு வரி எழுத மாட்டேன் என்று ஒரு சேதி அனுப்பிவிட்டுப் போனை அணைத்து வைத்திருக்கிறாய். அதெல்லாம் வேண்டாம். கடைசி வருடம் அது, முடித்துத் தொலை. பாதியில் விட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்து என் பக்கத்தில் நின்று காப்பி ஊற்றினால் கர்ட்டிஸ் வீட்டுக்கு வந்துவிடுவானா. வேறு ஊர்களுக்கு எழுது. எழுதும்போது நீ ஹோட்டலில் பாத்திரம் கழுவியதை எழுது, நதி பெருகி வீட்டுக்குள் வந்த வருடம் அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு இழப்பீட்டுப் படிவம் நிரப்பிக் கொடுத்தாயே, அதை எழுது. அதெல்லாம் உன்னுடையது. அவன் கதை அவனுடையது, ஹூபர் அம்மாவுடையது. எழுதி முடித்ததும் ஒரு தடவை அதில் வருகிற ஆட்கள் எல்லாரும் எதிரே உட்கார்ந்து கேட்கிற மாதிரி நினைத்துச் சத்தம் போட்டுப் படித்துப் பார். உங்கள் கல்லூரி அம்மாள் இதைச் சொல்லித் தந்திருக்க மாட்டாள்.

கர்ட்டிஸைப் போய்ப் பார்த்தேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டு வந்தேன். அப்பா வரவில்லை, நான் மட்டும் பஸ் பிடித்துப் போனேன். இளைத்திருக்கிறான், தலையை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். நான் திட்டத்தான் போனேன், அவனை, உன்னை, எல்லாரையும். வாயைத் திறப்பதற்குள் அவனே, "என்ன எழுதியிருந்தாம்மா? அப்படியே சொல்லு" என்று கேட்டான். மனப்பாடமாகிவிட்டிருந்தது எனக்கு, சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டான். "ஆமா. அப்படித்தான். ஒரு சொல் கூட்டல, ஒரு சொல் கொறைக்கல" என்றான். அப்புறம், "அவளுக்கு வேல கெடச்சுதா?" என்றான். ரெண்டு எடத்துலயும் இல்லடா என்றேன். அட கழுத என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். உன் மேல் அவனுக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய், கோபம் இருக்கிறது, தங்கச்சி இனிமே பாக்க வர வேண்டாம்னு சொல்லு என்றும் சொன்னான். அதை மறைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை, இந்த வீட்டில் இனி ஒன்றையும் மறைக்கிறதாக இல்லை.

கிளம்பும் நேரம் ஒன்று சொன்னான். ஹூபர் அம்மாவுக்குக் கடிதம் எழுதப் பார்க்கிறானாம். நேராக அனுப்பக் கூடாதாம், சிறை அலுவலகம் வாங்கி வைத்துக்கொள்ளுமாம், அந்த அம்மாவாகக் கேட்டால்தான் கொடுப்பார்களாம், கேட்காவிட்டால் அது அங்கேயே கிடக்குமாம். கேட்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, அவனுக்கும் இல்லை. எழுதுகிறானாம், கிழிக்கிறானாம், முதல் வரியைத் தாண்ட முடியவில்லையாம். "கெல்சிகிட்ட கேளும்மா, நம்மள வேணாம்னு சொல்லப்போறவங்களுக்கு எப்படி ஆரம்பிச்சு எழுதறதுன்னு. அதத்தானே அவளுக்கு அங்க சொல்லித் தர்றாங்க. வந்து பாக்க வேணாம், எழுதச் சொல்லு" என்றான்.

அவனுக்காக நீ எழுதிக் கொடுக்காதே. எப்படி எழுதுவது என்று மட்டும் எழுது. பெயரைச் சொல்லி ஆரம்பி, எதிரே இருக்கிறவருக்கு எது வேண்டும் என்று பார், உனக்கு வேண்டியதைக் கடைசியில் வை அல்லது வைக்காதே, ஒரு பக்கத்தைத் தாண்டாதே என்று உனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுது. இது ஒன்றிலாவது நீ கற்றது யாருக்காவது உதவட்டும்.

கர்த்தர் உனக்குத் தெளிந்த புத்தியும் திடமான உடம்பும் தரட்டும், நீ எங்கே வேலைக்குப் போனாலும் உன்னை நம்பி வந்து பேசுகிறவர்கள் உன்னால் கெடாமல் இருக்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு, அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மறக்காதே, உறையில் அண்ணன் பெயருக்குக் கீழே அவனுடைய கைதி எண்ணையும் எழுத வேண்டும், பின்பக்கம் எழுதியிருக்கிறேன், எண் இல்லாவிட்டால் பிரிக்காமலே உனக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமாகவே இருக்கும்,
உன் அம்மா
லொரெய்ன்